சின்னத் தட்டு வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்சத்திர ஹோட்டல்களின் வார இறுதி பிரஞ்ச் (காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து, ஒரே கட்டணத்தில் வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடும் விருந்து) பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேசையில் இருந்த பதார்த்தங்களை ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திய பிறகு அந்த மேசை என்ன ஆகிறது என்பதையும் எழுதியிருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு ஹோட்டலின் முட்டை கவுண்டரில் 17 ஆண்டுகள் நின்றவள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு. மூன்று முட்டையில், சீஸ் நிறையப் போட்டு ஆம்லெட் கேட்டார் ஒருவர். ஓரம் சிவக்காமல், உள்ளே இளக்கமாக மடித்து அவர் தட்டில் நழுவவிட்டேன். தட்டில் ஏற்கெனவே ரொட்டி, பொரித்த மீன், சாக்லேட் கேக் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கால் மணி நேரத்தில் அதே ஆம்லெட் எச்சில் தட்டுகளோடு திரும்பிப் போனதைப் பார்த்தேன். ஒரு மூலையில் முள்கரண்டி குத்திய நாலு துளை, மற்றபடி முழுசு. மேலே சாக்லேட் வழிந்திருந்தது. தட்டு கழுவும் இடத்தில் நின்ற அண்ணன் அதைத் தொட்டியில் தட்டிவிட்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. இன்றுவரை அந்த நாலு துளையும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

மிச்சத்தை யாருக்காவது கொடுக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எச்சில் பட்டதை எப்படிக் கொடுப்பது? யாரும் தொடாததிலும் சிக்கல் இருக்கிறது. முட்டை பெனடிக்ட் என்று ரொட்டிமேல் முட்டை வைத்துத் தருவோமே, அதன் மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கருவும் வெண்ணெயும்தான். சூடு ஏறினால் திரிந்துவிடும். வெதுவெதுப்பாக வைத்தால் கிருமி பெருகும். அதனால் இரண்டு மணி நேரம் ஆனதும் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக அடிப்போம். அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன், சாப்பிடுகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டது. எனக்கு வருத்தம், கடைசி இருபது நிமிடத்திலும் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்க வேண்டும் என்ற உத்தரவில்தான். கடைசியாக வருகிறவரும் அதே பணம்தானே கொடுக்கிறார் என்பார் மேலாளர். நியாயம்தான். ஆனால் அவருக்கு வேண்டியதைக் கேட்டு, அப்போதே சின்னப் பாத்திரத்தில் சூடாகச் செய்து கொடுத்தால் அவருக்கும் நல்லது, அடுப்படிக்கும் நல்லது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நார்வேயில் ஒரே குழுமத்தின் 52 ஹோட்டல்களில் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. சிலவற்றில் பஃபே தட்டைச் சிறிதாக்கினார்கள். சிலவற்றில், எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேசையில் ஓர் அட்டை வைத்தார்கள், அவ்வளவுதான். இரண்டிலுமே வீணாகும் உணவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. விருந்தினர்களின் திருப்தியும் குறையவில்லை. உலகம் முழுவதும் 2022-ல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 28 சதவீதம் ஹோட்டல், உணவக வகையறாவைச் சேர்ந்தது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்தபோது தொட்டியில் விழுந்த அந்த ஆம்லெட்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பிரஞ்ச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த வேளை அது. 1895-ல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் இந்தச் சொல்லைப் பத்திரிகையில் எழுதியபோது கேட்டதெல்லாம், சனி இரவு தாமதமாகப் படுத்தவர்கள் ஞாயிறு நிதானமாக எழுந்து, நாலு பேரோடு பேசிக்கொண்டே இரண்டு வேளையை ஒரு வேளையாகச் சாப்பிட வேண்டும் என்பதைத்தான். கொடுத்த பணத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற தவிப்பு வந்துவிட்டால், அந்தப் பேச்சும் நிதானமும் போய்விடுகின்றன.

ஹோட்டல்காரர்கள் சின்னத் தட்டு வையுங்கள். சாப்பிடப் போகிறவர்கள் முதல் சுற்றை வெறுங்கையோடு நடந்து பாருங்கள். முட்டை கவுண்டருக்கு வந்தால், ஒரே முட்டையில் போடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் அடுப்பைத் தணித்து, இன்னும் கவனமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் சமையல் ஊழியர்