அம்மாவுக்கு ஈ.பி.ஓ. ஊசி போடும் கவிதாவுக்கு

அன்புள்ள கவிதா,

ஊசி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியும் அம்மாவின் ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 8.8-க்குத்தான் வந்திருக்கிறது, வாரத்துக்கு இரண்டு ஊசி என்பதை மூன்றாக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டாக்டர் சொல்லாமல் ஒரு ஊசிகூடக் கூட்டாதீர்கள். மூன்று வாரத்தில் 0.4 என்பது மெதுவான ஏற்றம்தான், ஆனால் நான்கு வாரம் முடியுமுன் முடிவு கட்ட வேண்டாம்.

எலும்பு மஜ்ஜைக்கு 'ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கு' என்று சொல்லும் எரித்ரோபாய்டின் (ஈ.பி.ஓ.) என்ற ஹார்மோனைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் அந்தச் சுரப்பும் குறைந்துவிடுகிறது. நீங்கள் போடும் ஊசி அதே ஹார்மோன்தான். அதன் மரபணுவை 1980-களில் பிரித்தெடுத்து, செல்களில் வளர்த்து உற்பத்தி செய்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. மஜ்ஜை அந்தக் கட்டளையைக் கேட்டுப் புது அணுக்களை முதிரவைத்து ரத்தத்தில் விடுவதற்கு நாளாகும். இன்று போட்ட ஊசியின் பலன் எச்பி (ஹீமோகுளோபின்) எண்ணில் தெரிய 2 முதல் 6 வாரம் வரை பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டு ஊசியைக் கூட்டினால், பழைய ஊசியின் பலனும் புது ஊசியின் பலனும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஏற்றமாக ஏறிவிடும்.

டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு இது. நான்கு வாரம் முடிந்தும் எச்பி 1 கிராம்கூட (அதாவது ரிப்போர்ட் எண்ணில் 1) ஏறவில்லை என்றால் அளவைக் கால் பங்கு கூட்டுவார்கள். இரண்டே வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறிவிட்டால் கால் பங்கோ அதற்கு மேலுமோ குறைப்பார்கள். கூட்டுவதை நான்கு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்வதில்லை. அம்மாவின் எடை 54 கிலோ. கிலோவுக்கு 50 யூனிட், வாரம் மூன்று முறை என்று கணக்குப் போட்டால் 8,100 யூனிட் வருகிறது. 4,000 யூனிட் ஊசி வாரம் இரண்டு என்று டாக்டர் எழுதியது ஏறக்குறைய அந்த அளவுதான். குறைவாக எழுதிவிட்டாரோ என்ற சந்தேகம் வேண்டாம்.

எச்பி எவ்வளவு வரை ஏறலாம் என்பதில் பல வீடுகளில் தவறான எண்ணம் இருக்கிறது. சாதாரணப் பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், ஆகவே அம்மாவுக்கும் 12, 13 வர வேண்டும் என்று நினைக்கிறார்கள். அம்மாவுக்கு இலக்கு அது கிடையாது. 10-க்கும் 11.5-க்கும் இடையில் நின்றால் போதும். இதற்குப் பின்னால் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. 2006-இல் வெளிவந்த குவயர் (CHOIR) ஆய்வில் 13.5-ஐ இலக்காக வைத்தவர்களுக்கு, 11.3-ஐ இலக்காக வைத்தவர்களைவிட மரணமும் இதயச் செயலிழப்பு போன்ற பெரிய சிக்கல்களும் கூடுதலாக வந்தன. 2009-இல் வந்த ட்ரீட் ஆய்வில், அம்மாவைப் போலவே சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். இதே வகையைச் சேர்ந்த டார்பிபாய்டின் ஊசியால் 13 வரை கொண்டுபோக முயன்ற பிரிவில் 5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றப் பிரிவில் 2.6 சதவீதம். அதனால் எச்பி 11.5-ஐத் தாண்டிய ரிப்போர்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அடுத்த ஊசியைப் போட்டுவிடாதீர்கள். டாக்டருக்குப் போன் செய்துவிட்டுப் போடுங்கள்.

சரி, ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் நின்றால்? பத்தில் பல முறை குறை ஊசியில் இருக்காது, இரும்பில் இருக்கும். ஹார்மோன் எவ்வளவு கட்டளையிட்டாலும் இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் உருவாகாது. ஊசி வேலை செய்யத் தொடங்கினால் உடம்பில் இருக்கிற இரும்பையும் வேகமாகத் தின்றுவிடும். அம்மாவின் ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்பது). ஃபெரிட்டின் 100-க்குக் கீழோ, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழோ இருந்தால் இரும்பு கொடுத்தே ஆக வேண்டும். இந்த இரண்டு பரிசோதனையும் எடுக்கவே இல்லை என்றால், அடுத்த முறை நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். ஃபெரிட்டின் மட்டும் அதிகமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடையவும் முடியாது. உடம்பில் எங்காவது கிருமித்தொற்றோ அழற்சியோ இருந்தாலும் அது கூடிக் காட்டும்.

இரும்பு மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மாத்திரை எதனோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இவை எல்லாமே இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அம்மா சாப்பாட்டோடு கால்சியம் எடுப்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையால் எண் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவார்கள். அதை ஆஸ்பத்திரியில் மட்டுமே ஏற்ற வேண்டும். திடீர் ஒவ்வாமை வந்தால் அந்த இடத்திலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். காய்ச்சலோ பெரிய தொற்றோ இருக்கும் நாளில் ஏற்றமாட்டார்கள்.

இந்த இடத்தில் உறவினர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரத்தம் கம்மி என்று தெரிந்ததும் பேரீச்சம்பழமும் மாதுளை ஜூஸும் முருங்கைக்கீரை சூப்பும் வீடு தேடி வரும். அன்பில்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் அம்மாவின் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது, இவையெல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அம்மாவின் சோகைக்குக் காரணம் ஹார்மோன் குறைவு, அதைக் கீரை ஈடுசெய்யாது. யார் கொண்டுவந்தாலும் மென்மையாக மறுத்துவிடுங்கள்.

ஊசி போடும் நாளில் முதல் வேலை பிபி பார்ப்பது. இந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் கூட்டும். அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பிபி மாத்திரையைப் புதிதாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டியிருந்தது. கட்டுக்கடங்காத பிபி இருந்தால் இந்த ஊசியே போடக்கூடாது. எந்த எண்ணுக்கு மேல் போனால் ஊசியை நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். முதல் மூன்று மாதம் கூடுதல் கவனம் வேண்டிய காலம், வலிப்பு வரும் அபாயம் அப்போதுதான் அதிகம். பழக்கமில்லாத கடுமையான தலைவலி, கண் மங்கல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஊசியைத் தள்ளிவைத்துப் பிபி பார்த்து, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வலிப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் தளர்வு என்றால் நேராக 108.

அம்மாவின் இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருப்பதால் அந்தக் கையில் பிபியும் பார்க்கக்கூடாது, ஊசியும் போடக்கூடாது. தினமும் காலையில் ஃபிஸ்டுலாவின் மேல் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். எச்பி ஏறும்போது அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அதிர்வு நின்றுவிட்டால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நடுத்தட்டு நல்லது. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். ஒரு தடவை உறைந்த ஊசி, உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைதான். வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். குலுக்கவே கூடாது, அது புரதம், குலுக்கினால் சிதைந்துவிடும். மருந்துக்கடையில் உங்கள் கண்முன்னே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேசைமேல் எடுத்து வைத்திருந்ததை வாங்காதீர்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். பல மணி நேரம் வரவில்லை என்றால் அந்த ஊசியைப் பயன்படுத்தலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

போடுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுத்து வையுங்கள்; சில்லென்று இருந்தால் வலிக்கும். வெந்நீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்காதீர்கள். பெயர், யூனிட், காலாவதித் தேதி பாருங்கள். மருந்து நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்பக்க நடுவிலோ ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும்வரை பொறுங்கள். காயாமல் குத்தினால் எரியும். தோலைக் கிள்ளிப் பிடித்து, நர்ஸ் காட்டிக்கொடுத்த கோணத்தில் குத்தி, மருந்தை மெதுவாகச் செலுத்துங்கள். எடுத்தபின் பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள்.

கடையில் இப்போதைய சிரிஞ்சுக்குப் பதிலாகப் பாட்டில் மருந்து கொடுத்தால் மிகவும் கவனம். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் யூனிட் கோடுகள் இன்சுலினுக்கு மட்டும். இந்த மருந்தின் யூனிட் வேறு கணக்கு. 4,000 யூனிட் என்பது ஒரு கம்பெனியில் 1 மில்லி, இன்னொன்றில் 0.4 மில்லி. எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்காமல் பாட்டிலிலிருந்து எடுக்காதீர்கள். முடிந்தவரை ஒரே பிராண்டையே வாங்குங்கள். மாற்றினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஊசி போட்ட தேதி, பிபி, பிராண்ட், பேட்ச் எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பேட்ச் எண் எதற்கு என்றால், அரிதாக ஒரு விபரீதம் நடப்பதுண்டு. மருந்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் புரதங்களை (ஆன்டிபாடி) உண்டாக்கி, உடம்பில் இயல்பாகச் சுரக்கும் கொஞ்சநஞ்ச ஹார்மோனையும் சேர்த்து அழித்துவிடும். 1998-க்குப் பிறகு ஐரோப்பாவில் தோலுக்கடியில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பைப் போட்டவர்களிடம் இது கூடுதலாகத் தென்பட்டு, 2002-இல் பெரிய எச்சரிக்கையானது. சில மாதம் நன்றாக ஏறிய எச்பி திடீரென வாரத்துக்கு அரை முதல் ஒரு கிராம் என்று சரிந்தால், வெள்ளணுவும் பிளேட்லெட்டும் சரியாக இருந்தால், ஊசியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போய் ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குமுன் சாதாரணக் காரணங்களைப் பார்ப்பார்கள்: மலம் கறுப்பாகப் போகிறதா, ஆஸ்பிரினால் வயிற்றில் கசிவு இருக்கிறதா, தொற்று, பி12, ஃபோலிக் ஆசிட், பாராதைராய்டு. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதைச் சாப்பிடுவதையும் சொல்லுங்கள். கால் வீங்கி நீர் கோத்திருக்கும் நாளில் எடுத்த எச்பி, ரத்தம் நீர்த்திருப்பதால் குறைவாகக் காட்டும். அம்மாவுக்கு முன்பு எப்போதாவது புற்றுநோயோ பக்கவாதமோ இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். இந்த ஊசி கொடுப்பதா என்ற முடிவே அதனால் மாறலாம்.

'ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் முடிந்தது' என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு அவசரம் என்றால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அம்மாவுக்குச் சிறுநீரக மாற்று பற்றிப் பேச்சு இருப்பதால், ஒவ்வொரு பாட்டில் ரத்தமும் பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிப் பிறகு பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கலாம். அதைத் தவிர்ப்பதும் இந்த ஊசியின் நோக்கங்களில் ஒன்று.

ஒரு ஊசி தவறிப்போனால் அடுத்த முறை இரண்டாகப் போடாதீர்கள். எப்போது போடுவது என்று கேளுங்கள். போட்ட ஊசியின் மூடியைத் திரும்பப் போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள். தெருக்குப்பையில் போட்டால் அள்ளுபவர் கையைக் குத்தும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தெர்மாகோல் பெட்டியில் ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி வைத்து, அதன்மேல் அட்டைப்பெட்டியோடு ஊசிகளை வையுங்கள். ஐஸை நேராகத் தொட்டால் உறைந்துவிடும். பெட்டியைப் பஸ்ஸின் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் அத்தை வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் இடம் பிடித்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா