சம்பள அட்டவணையைக் கலைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். என் அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பார்வை போனபிறகு கணினியில் என்விடிஏ என்கிற திரைவாசிப்பு மென்பொருள் வாசிக்க வாசிக்கத்தான் புத்தகம் கேட்கிறார். போன வாரம் பழைய தோட்ட வரலாற்று நூல் ஒன்றை யாரோ ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். கதைப்பகுதி சரி. ஆனால் சம்பள அட்டவணை வந்ததும் "ஆண் பெண் சிறுவர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அப்புறம் எண்களாகக் கொட்டியது, எது யார் கூலி என்று எனக்கே தெரியவில்லை. "பிரட்டில் பேரைக் கூப்பிட்டுவிட்டு வேலை சொல்லாமல் போகிற கங்காணி மாதிரி இருக்குடா" என்றார் அண்ணன். பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது.

எழுத்துணரி மென்பொருள் பல நேரம் அட்டவணைப் பத்திகளின் (நெடுவரிசைகளின்) எல்லையைத் தவறவிட்டு எல்லாவற்றையும் ஒரே வரியாக இழுத்துவிடுகிறது. அதற்குப் பயந்து அட்டவணையைப் படமாகவே ஒட்டிவிட்டால் இன்னும் மோசம், உள்ளே இருக்கிற எண் எதுவும் காதுக்கு வராது. வேர்டிலோ இபப் மின்னூலிலோ நிஜமான அட்டவணையாகவே போட்டு, மேல்வரிசையைத் தலைப்பு என்று குறித்துவிட்டால், கண்ட்ரோல், ஆல்ட்டோடு அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு கட்டமாகப் போகலாம், பத்தி மாறும்போது "பெண்" என்று தலைப்பையும் சேர்த்தே சொல்லும். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுங்கள். எண்களை மூலநூலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள், 3ம் 8ம் அடிக்கடி மாறிப்போகும்.

நூல்களை மின்வடிவமாக்கும் நம் தமிழ் அன்பர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட்