எண்ணெயைக் குறைத்தேன், ஈரல் கொழுப்பு குறையவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே எண்ணெய் மிதக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தப் பேச்சை நானும் நம்பிப் பத்து மாதங்களை வீணடித்ததால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், வயது 63. மதுவைத் தொட்டதில்லை. வேறொரு தொந்தரவுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, அறிக்கையின் கடைசி வரியில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது ஈரலில் கொழுப்பு நடுத்தர அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்று இருந்தது. வெளியே காத்திருந்த கூட்டம் அப்படி. மருத்துவர் 'எண்ணெயைக் குறையுங்கள்' என்ற இரண்டே சொற்களில் என்னை அனுப்பிவைத்தார். நானும் சிரத்தையாகக் குறைத்தேன். கோழி வறுவலும் அப்பளமும் வீட்டில் நின்றன. ஆனால் காலையில் ஆறு இட்லி, மதியம் குவித்துப் போட்ட சோறு, மாலையில் இரண்டு கரண்டி சர்க்கரையுடன் காபி, இரவில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று மற்றவை அப்படியே தொடர்ந்தன. இவற்றில்தான் எண்ணெய் இல்லையே! பத்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் அதே கிரேடு 2. எடை மட்டும் ஒரு கிலோ கூடி 78 ஆகியிருந்தது.

பிறகு மதுரையில் வேறொரு மருத்துவர் பொறுமையாக விளக்கியதும், தொடர்ந்து நான் படித்து அறிந்ததும் இதுதான். நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்தபின், உடனடித் தேவைக்குப் போக மீந்ததில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்த்துவைக்கிறது. ஆனால் அந்த இருப்பு ஏறத்தாழ 100 கிராமில் நிரம்பிவிடுவதால், அதற்கு மேலும் நாள்தோறும் வந்து குவிவதைக் கல்லீரலே கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. வெள்ளைச் சர்க்கரையில் பாதி, பழங்களில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை வகை. அதில் பெரும்பகுதியைக் கையாளும் வேலை கல்லீரலின் தலையிலேயே விழுகிறது. இதற்கிடையே வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் கசிந்து அங்கேயே வந்து சேர்கிறது. கல்லீரலில் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது நோய். வலி இராது. சிலருக்கு ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற இரத்தப் பரிசோதனை கூட இயல்பாகவே இருக்கும். அப்படியே விட்டால் சிலருக்கு அழற்சியாகி, தழும்பாகி, இறுதியில் ஈரல் சுருங்கும் நிலைவரை போகும்.

எண்ணெய்க்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பாமாயிலில் பொரித்ததும் ஈரலுக்குச் சுமைதான். பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருந்தும், கறுத்த எண்ணெயில் வடை மிதப்பதை எந்தக் கடைத்தெருவிலும் பார்க்கலாம். ஆனால் எங்கள் பகுதியின் பெரிய மாற்றம் வேறு என்று நினைக்கிறேன்.

என் அப்பத்தா காலத்தில் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ சுட்டு, பெரிய சம்படத்தில் போட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டப்படும். சாவி அப்பத்தாவின் இடுப்பில் இருக்கும். எங்களுக்குக் கைக்கு இரண்டு கிடைக்கும். கந்தரப்பம் விசேஷத்துக்கு, கும்மாயம் ஆடிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருந்தது. ஊருணியில் தண்ணீர் எடுத்து, ஊர்விட்டு ஊர் நடந்த உடம்புகள் அவை. இன்று அதே பலகாரம் வருடம் 365 நாளும் கிலோக் கணக்கில் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கிறது. தொலைக்காட்சிக்கு முன் திறந்த டப்பாவை யாரும் மூடுவதில்லை. கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தவிடு நீங்காத அரிசி என்ற அளவில் அது உண்மைதான். ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போடாமல் அதை யார் வீட்டில் சாப்பிடுகிறோம்? பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் 300 மில்லி கோலா பாட்டிலிலோ ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இட்லி மூன்றானது, சோறு பாதியானது. அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் வெண்டைக்காய் மண்டியும் மீனும் வந்தன. காபியில் சர்க்கரை இல்லை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். ஓராண்டில் எடை 72 கிலோவுக்கு இறங்கியது, ஸ்கேனில் கிரேடு 1 என்று வந்தது. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் ஈரலின் கொழுப்போடு அழற்சியும் தணியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஒல்லியாக இருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று இருந்துவிடுகிறார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மவர்களிடம் அதிகம் என்பதால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவையே நமக்கு எல்லையாக வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்நோய் 2021-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பெண் ஊழியர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் செல்கிறார். அவருடைய பையில் ஓர் இஞ்ச் டேப்பும் இருந்து, அளந்த எண்ணை அட்டையில் குறித்து, எல்லை தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைக்கச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் சுகாதாரத் துறையினர் ஏற்பாடு செய்ய வேண்டும். வயதையும், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனை எண்களையும் கொண்டே, ஈரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்புண்டா என்று அங்கேயே கணக்கிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.