ஒரு ராத்திரிக்கு ஒரு பாட்டு

பட்டுக்கோட்டை
30.12.2018

அன்புள்ள குயிலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் வரியில் “எல்லாரும் பத்திரமா?” என்று கேட்டிருக்கிறாய். கடைசி வரியில் “இந்த வருஷத்துப் பாட்டு எங்கேடி?” என்று கேட்டிருக்கிறாய். எல்லாரும் பத்திரம். வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது, மாற்றிவிட்டோம். தோப்பில் நூற்றுப்பத்து தென்னை நின்றது, இப்போது பதினேழு நிற்கிறது. அத்தை கல்யாணமாகி வந்த வருஷம் வைத்த மரங்கள் அவை. அவர் புதுக்கன்றுக்குக் குழி வெட்ட ஆரம்பித்துவிட்டார். காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். மற்றதை நேரில் பேசலாம்.

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்கு வர இருபத்துநாலு நாள் ஆனது. கேரளாவிலிருந்துகூட மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். ஆகஸ்டில் வெள்ளத்தில் அவ்வளவு பட்டவர்கள், நமக்காக ஓடி வந்தார்கள். டவர் இல்லாததால் யாரிடமும் பேச முடியவில்லை. பெரியவன் தன் போனில் இந்த வருஷப் பாட்டுகளை ஏற்றி வைத்திருந்தான். கடைத்தெருவில் ஜெனரேட்டர் போட்டு, ஒரு போனுக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். அந்தச் சார்ஜைக் கட்டிக் காப்பாற்ற ராத்திரிக்கு ஒரே ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம். தினமும் சாப்பிட்டு முடித்ததும் இன்றைக்கு எது என்று வீடே பேசும். அப்படி மிஞ்சிய பாட்டுகளைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

அதிக ராத்திரி ஜெயித்தது ‘செக்கச்சிவந்த வான’த்து ‘மழைக்குருவி’. ரகுமானே பாடியிருக்கிறார், எழுதியது வைரமுத்து. ஒரு குருவி பாறைமேல் உட்கார்ந்து ஒருவனை ஸ்நேகமாகக் கூப்பிடுகிறது. மழை வந்ததும் அவன் வீட்டுக்குள் வந்துவிடுகிறான். வந்தவனுக்கு, அந்தக் குருவி இந்த மழையில் என்ன பாடுபடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அங்கே குருவியோ மழையில் கும்மாளம் போடுகிறது. நனையாமல் ஓடிப்போனானே என்று அவனுக்காக அழுகிறது. செப்டம்பரில் கேட்டபோது அழகான கற்பனை என்று மட்டும் நினைத்தேன். புயலுக்கு மறுநாள் கொல்லையில் காக்கையும் கிளியுமாகச் செத்துக் கிடந்ததை அள்ளிப் புதைத்தேன். அதற்கப்புறம் அந்தக் குருவி மழையில் ஆடும் இடம் வந்தால் ஒருவரும் பேசமாட்டோம். அத்தைகூட “அந்தக் குருவிப் பாட்டைப் போடு” என்று கேட்பார். விழுந்த மரங்களைப் பார்த்துவிட்டு நாலு நாளாக வாயே திறக்காமல் இருந்தவர், முதலில் கேட்டது அதைத்தான்.

‘காலா’வில் வரும் ‘கண்ணம்மா’ அதை எழுதியவருக்காக. பிரதீப் குமாரும் பாடகி தீயும் பாடியது. எழுதியவர் உமாதேவி. சினிமாப் பாட்டு எழுதும் பெண்கள் இத்தனை குறைவாக இருக்கும்போது அவர் பெயரைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ‘96’ படத்திலும் ‘தாபங்களே’ அவர் எழுதியதுதான். ‘ரவுடி பேபி’யைப் பற்றிக் கேட்டிருந்தாய். கரண்ட் வந்த நாளிலிருந்து தெருப்பிள்ளைகள் அதைத்தான் பாடுகிறார்கள், நல்ல துள்ளல். ஆனால் அது என் பட்டியலில் இல்லை.

‘பரியேறும் பெருமாள்’ படத்துக் ‘கருப்பி’யை ஒரே ஒரு ராத்திரிதான் போட்டோம். தண்டவாளத்தில் கொல்லப்பட்ட ஒரு நாய்க்கு ஒப்பாரி அது. சந்தோஷ் நாராயணன் அதற்கு மெட்டு போட்டிருக்கும் விதத்தில் துக்கமும் கோபமும் ஒன்றாகக் கிளம்பி வருகின்றன. இந்த வருஷத்தின் பெரிய பாட்டு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மறுபடி கேட்க மட்டும் நெஞ்சு வரவில்லை.

இதை யோசித்துப் பார். செப்டம்பர் 27-ல் ‘செக்கச்சிவந்த வானம்’, மறுநாள் ‘பரியேறும் பெருமாள்’, அக்டோபர் 4-ல் ‘96’. எட்டே நாளுக்குள் இப்படி மூன்று படம்! நாம் காலேஜில் படித்தபோதுகூட இப்படி ஒரு வாரம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

‘96’-ஐக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் தஞ்சாவூரும், பள்ளிக்கூடமும், பிரிவும் என்று அது நமக்கே எடுத்தது மாதிரி. கோவிந்த் வசந்தா வயலின்காரர் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. ‘காதலே காதலே’யில் சின்மயியோடு கல்யாணி மேனன் குரல் வருகிறது, கவனித்தாயா? ‘நீ வருவாய் என நான் இருந்தேன்’ பாடினாரே, அதே கல்யாணி மேனன்தான். அவருக்கு இப்போது எழுபத்தேழு வயசு. குரலில் வயசு தெரிகிறது, அதனால்தான் அந்தப் பாட்டு அப்படி நிற்கிறது.

ஒருநாள் ராத்திரி போன் பாட்டு தொடங்குமுன்பே அணைந்துவிட்டது. கும்மிருட்டு. திண்ணையிலிருந்து சின்னவள் ‘யமுனை ஆற்றிலே’ பாட ஆரம்பித்தாள். தீபாவளிக்கு டிவியில் ‘96’ பார்த்ததிலிருந்து அவளுக்கு அது பைத்தியம். படத்தில் நாயகன் எத்தனை கேட்டும் பாடாமலே இருந்த நாயகி, கரண்ட் போன இருட்டில் பாடுவாளே, அந்த இடம். “இது ‘96’ பாட்டும்மா” என்றாள். 1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’ பாட்டு, வாலி எழுதி இளையராஜா போட்டது என்று சொன்னேன். பாடிய மிதாலி பானர்ஜியின் பெயரை ஹாஸ்டலில் நீ எனக்குச் சொன்னதையும் சொன்னேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீ பாடி முடிப்பாய், அதற்குள் முடிந்துவிட்டதே என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்போம். அதைக் கேட்டதிலிருந்து, “அந்த அத்தை எப்போது வருவார்கள்?” என்று பிடுங்குகிறாள்.

பாடுவதை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, இனிக் குரல் எங்கே வரப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். கல்யாணி மேனனை இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல். பொங்கலுக்கு மும்பையிலிருந்து நேரே இங்கே வா. தோப்பைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் வா. ‘ஆயர்பாடியில்’ என்று திரும்பும் இடம் சின்னவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்