சர்வீஸ் மேனேஜர் சாருக்கு: ஒரே ஒரு காலைல குளுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க

வணக்கம் சார்.

நான் யாருன்னு உங்களுக்கு நல்லா தெரியும். மதுரைல இருக்குற உங்க சர்வீஸ் சென்டருக்கு நத்தத்துலேர்ந்து வர்ற வெள்ளை வண்டி. போன வாரம் உங்க ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு போன்ல "அந்த எஞ்சின் சத்தம் கஸ்டமர் வந்துருக்கார்"னு சொன்னாங்க, நான் பின்னாடி நிக்கிறது தெரியாம. அந்தப் பொண்ணு மேல எனக்கு வருத்தம் இல்ல. நாலு தடவை ஒரே கம்ப்ளைன்ட்டோட ஒருத்தன் வந்தா அப்படித்தான் பேரு வைப்பாங்க. ஆனா நாலு தடவை வந்தும் நாலு ஜாப் கார்டுலயும் "செக்டு, நோ அப்நார்மாலிட்டி"ங்கிற அதே வரி இருக்கே, அதுக்குத்தான் இந்த மடல்.

வண்டி எடுத்தது ஆவணில. இப்ப தை பொறந்தாச்சு, மீட்டர்ல 4,800 ஓடிருக்கு. 1,000 கிலோமீட்டர் ஃப்ரீ சர்வீஸ் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஐப்பசி மழை ஆரம்பிச்சப்பதான் மொதல்ல கேட்டேன். ராத்திரி பூரா நின்ன வண்டியை காலைல 6 மணிக்கு ஸ்டார்ட் பண்ணா, பெல்ட் இருக்குற பக்கத்துலேர்ந்து கடகடன்னு ஒரு சத்தம், தகர டப்பாவுல சைக்கிள் செயினைப் போட்டு ஆட்டுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அப்ப ரெண்டு மூணு செகண்ட்தான் இருந்துச்சு. இப்ப 12 செகண்ட். வீடியோவுல எண்ணிப் பாத்துதான் சொல்றேன். அதுக்கப்புறம் அடங்கிரும், அன்னைக்கு முழுக்க எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் வராது.

எங்க கஷ்டமே அங்கதான் சார் இருக்கு. உங்க ஒர்க்‌ஷாப்புக்கு வரணும்னா நாங்க 35 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுத்தான் வந்தாகணும். நத்தம் ரோடு மேம்பாலம் ஏறி இறங்கி உங்க கேட்டுக்குள்ள நுழையுறப்ப எஞ்சின் நல்லா கொதிச்சுப் போயிருக்கும், ஆயில் எல்லா இடத்துக்கும் போயிருக்கும், சத்தம் எங்கேர்ந்து வரும்? உங்க அட்வைசர் தம்பி பானட்டைத் தூக்கி, ஆன் பண்ணி, ரெண்டு தடவை ரெய்ஸ் பண்ணிட்டு "ஸ்மூத்தா இருக்கே சார்"ங்கிறார். ஸ்மூத்தாத்தான் இருக்கும். அந்த நேரத்துல எனக்கும் ஸ்மூத்தாத்தான் கேக்குது.

மொத தடவை இன்ஜெக்டர் சத்தம்னாங்க. ரெண்டாவது தடவை ஆயில் மாத்திப் பாப்போம்னு மாத்தி அதுக்கு 3,200 ரூபா பில்லும் போட்டாங்க, வாரண்டில இருக்குற வண்டிக்கு, நானும் சத்தம் போனா சரின்னு கட்டிட்டு வந்தேன். மறுநாள் காலைல அதே கடகட. வீடியோ காட்டுனா "போன் மைக்ல எல்லா சத்தமும் பெருசாத்தான் கேக்கும் சார்"னு பதில்.

மூணாவது தடவை நடந்ததை நீங்க ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாக்கணும். ராத்திரி வண்டியை இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல நாங்களே கேட்டுக்கிறோம்னு நீங்கதான் சொன்னீங்க. சரின்னு சாயங்காலம் விட்டுட்டு மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். மறுநாள் லீவு போட்டு, மொத பஸ்ஸைப் பிடிச்சு, உங்க ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி 8 மணிக்கே கேட்ல நின்னேன். உள்ள போனா வண்டி நேத்து விட்ட இடத்துல இல்ல. வாஷிங் பே வழிய அடைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு செக்யூரிட்டி அண்ணன் 7 மணிக்கே ஸ்டார்ட் பண்ணி எடுத்து, தண்ணி அடிச்சு, பளபளன்னு தொடச்சு நிறுத்திட்டாங்க. பானட்டைத் தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு. அவர் மேல தப்பில்ல, அவர்கிட்ட யாரும் சொல்லல. வண்டி மேல "ஸ்டார்ட் பண்ணாதே"ன்னு ஒரு பேப்பர் ஒட்டிருந்தா போதும். அந்த 12 செகண்டுக்காக ஒரு ராத்திரியும் ஒரு நாள் சம்பளமும் போச்சு, அந்த 12 செகண்டும் யார் காதுலயும் விழாம போச்சு. அன்னைக்கு ஜாப் கார்டுல என்ன எழுதுனாங்க தெரியுமா, "ஓவர்நைட் அப்சர்வேஷன் டன், ஓகே"ன்னு. அப்சர்வ் பண்ணது யாரு சார்?

நாலாவது தடவை எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். அப்பாவுக்கு 71 வயசு. அரசு பஸ் கழகத்துக்கு பாண்டியன் ரோட்வேஸ்னு பேர் இருந்த காலத்துலயே டெப்போவுல மெக்கானிக்கா சேர்ந்து 33 வருஷம் பஸ் எஞ்சின் பாத்தவர். வீட்டுல அவர்தான் அந்தச் சத்தத்தை முறையாப் பாத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரோட முனைய எஞ்சின் மேல வச்சு, பிடிய காதுல வச்சு, என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரே காலைல கண்டுபிடிக்கல, நாலு நாள் நாலு இடத்துல வச்சுக் கேட்டுட்டுத்தான் சொன்னார், டைமிங் கவர் பக்கம், வால்வை ஓட்டுற டைமிங் செயின் அடிக்குது, அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்ல ஆயில் பிரஷர் நிக்க மாட்டேங்குது, ராத்திரி எறங்குன ஆயில் திரும்ப ஏறுற வரைக்கும் செயின் தொளதொளன்னு இருக்குன்னு. அவர் சொன்னதே முடிவுன்னு நான் சொல்லல. அவருக்கும் தப்பலாம். ஆனா அவர் கேட்டுட்டு சொன்னார் சார், உங்க பக்கத்துல இன்னும் ஒருத்தர்கூட கேக்கல.

உங்க ஃப்ளோர்ல அவர் இதை எடுத்துச் சொன்னப்ப அட்வைசர் தம்பி சிரிச்சுக்கிட்டே "ஐயா நீங்க பழைய லேலண்ட் எஞ்சின் பாத்தவங்க, இது பிஎஸ் 6, எல்லாம் கம்ப்யூட்டர்தான், ஸ்கேன்ல எரர் கோடு ஒண்ணும் வரல"ன்னுட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசல. திரும்பி வர்றப்ப அழகர்மலை தாண்டுற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவா "டென்ஷனர் தேயுறதுக்கு எரர் கோடு வராதுடா, செயின் பல்லு தாண்டுனாத்தான் வரும்"னார். அவ்வளவுதான் சொன்னார்.

செயின் பல்லு தாண்டுனா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்க வாய்ப்பு இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. இன்னைக்கு டென்ஷனரோட முடியுற வேலை, நாளைக்கு எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகும். அன்னைக்கு வாரண்டி முடிஞ்சிருந்தா யார் பொறுப்பு? "நாங்க நாலு தடவை செக் பண்ணோம், ஓகேன்னு எழுதிருக்கோம்"னு இதே ஜாப் கார்டை என்கிட்ட நீட்டுவாங்கங்கிற பயம்தான் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. 9 லட்சத்து 40 ஆயிரம் ஆன்ரோடு, அதுல பாதிக்கு மேல லோன், 7 வருஷம் கட்டணும்.

அதனால திரும்பக் கேக்குறேன். குளுந்த எஞ்சினை என் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க, கேட்டதை அப்படியே ஜாப் கார்டுல எழுதுங்க. இது நார்மல்தான்னு உங்க டெக்னீஷியன் சொன்னா, "கோல்ட் ஸ்டார்ட்ல 12 செகண்ட் சத்தம் வருது, இது நார்மல்"னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போயிடுறேன். எழுதிக் கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் பின்வாங்குறீங்க?

இன்னொண்ணும் சொல்லணும், மனசுல ரொம்ப நாளா இருக்கு. ஒவ்வொரு தடவை வண்டியை எடுத்துட்டு வந்த மறுநாளும் கரெக்டா போன் வருது, "சார் கம்பெனிலேர்ந்து ஃபீட்பேக் கால் வரும், 10க்கு 10 குடுத்துருங்க சார், 9 குடுத்தாக்கூட எங்க இன்சென்டிவ் போயிரும்"னு. அந்தத் தம்பி கெஞ்சுறப்ப எனக்கே சங்கடமா இருக்கு. மூணு தடவை 10 குடுத்தேன், அந்தப் பையனோட சம்பளத்துல கைவைக்க மனசு வரல. இப்ப யோசிச்சா நான் செஞ்சது தப்பு. என் கம்ப்ளைன்ட் தீராமலே கம்பெனி கணக்குல நான் மூணு தடவை சந்தோஷமான கஸ்டமர் ஆயிட்டேன். டெஃப்லான் கோட்டிங், ஏசி கிளீனிங், எஞ்சின் டிரெஸ்ஸிங்னு விக்கிறதுக்கு அட்வைசருக்கு அரை மணி நேரம் இருக்கு, சத்தத்தைக் கேக்க 12 செகண்ட் இல்ல. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி, இத்தனை ரூபா பில்லுன்னு அவங்க தலை மேல டார்கெட் வச்சா அவங்க வேற எப்படி இருப்பாங்க? அந்த டார்கெட்டை வச்சவங்களும் இதைப் படிக்கணும்னுதான் வெளிப்படையா எழுதுறேன்.

கோர்ட்டு கேஸுன்னு போக எனக்கு ஆசை இல்ல சார். ஆனா வழி தெரியாதவன்னு நினைச்சுக்காதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் மதுரைக்குக்கூட வர வேண்டாம், நான் குடியிருக்கிற திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், என் வண்டி விலைக்குக் கட்டணம் 200 ரூபாதான். சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்ங்கிற குறைன்னா பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல ஏற்கனவே புகார் பதிஞ்சுட்டேன். அந்தப் புகார் நம்பரை உங்க மெயிலுக்கும் அனுப்பிருக்கேன். இதெல்லாம் மிரட்டுறதுக்காக சொல்லல. நாலு தடவை பணிவா கேட்டாச்சு, இது அஞ்சாவது தடவை, இப்பவும் பணிவாத்தான் கேக்குறேன்.

வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வண்டியைக் கொண்டு வந்து விடுறேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரமாப் பாத்து நானே நிறுத்திடுறேன். சாவியை செக்யூரிட்டி ரூம்ல மாட்டாம உங்க டேபிள் டிராயர்ல வச்சுப் பூட்டுங்க. செவ்வாக்கிழமை காலைல 9 மணிக்கு உங்க சீனியர் டெக்னீஷியன் ஒருத்தர் இருக்கட்டும், நீங்களும் இருந்தா நல்லது. நான் வருவேன், எங்கப்பாவும் வருவார். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வருவார், எஞ்சின்கிட்ட போக விடுங்க, அவருக்கு உக்கார ஒரு சேர் போடுங்க.

இப்படிக்கு,
நத்தத்துலேர்ந்து வர்ற வெள்ளை வண்டிக்காரன்