கிழக்கிலிருந்து வந்தவர்கள் யார் என்று சொல்லுங்கள்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளின் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும், ஸ்தோத்திரம்.

சில வருடங்களுக்கு முன் என் அத்தை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் எங்களைப் போலவே தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றவர்கள், இரண்டு நாள் கழித்து, "பிறந்த நேரம் மட்டும் சொல்லுங்க, சும்மாதான்" என்றார்கள். சொன்னோம். அதோடு பேச்சு நின்றுபோனது. செவ்வாய் தோஷமாம், வேறொருவர் வழியாகப் பிறகு தெரியவந்தது. அத்தை தன் போதகரிடம் போய் அழுதார். "ஜோசியம் பிசாசின் வேலை, விட்டுத் தள்ளுங்கம்மா" என்றார் அவர். அத்தை விடவில்லை. "அப்போ இயேசு பிறந்தப்போ நட்சத்திரம் பார்த்து வந்தாங்களே, அவங்க யாரு ஐயா?" போதகர் ஜெபம் செய்து அனுப்பிவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டுத்தான் இந்த மடல்.

நட்சத்திரம் பார்த்து வந்தவர்களை மத்தேயு தன் சுவிசேஷத்தில், கிரேக்கத்தில், 'மாகோய்' என்கிறார். கிழக்கு தேசங்களில் வானத்தைப் பார்த்துப் பலன் சொன்னவர்களுக்கும் கனவுக்கு விளக்கம் சொன்னவர்களுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'சாஸ்திரிகள்' என்று இருக்கிறது. தானியேல் புத்தகத்தில் ஜோசியரோடும் சூனியக்காரரோடும் வரிசையில் நிற்கிறவர்களும் இதே சாஸ்திரிகள்தான். பிந்திய மொழிபெயர்ப்பு 'ஞானிகள்' என்று மரியாதையாக்கியது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாம் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கத்தாள் ஒட்டிய கிரீடம் வைத்து மூன்று ராஜாக்களாக்கிவிட்டோம். மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ மத்தேயு சொல்லவே இல்லை. குழந்தைகளுக்கு அழகாக இருக்கிறது, சரி. ஆனால் வந்தவர்களின் தொழில் மறைந்துபோகிறது.

மறைக்க அவசியமே இல்லை. யோபு 38-ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசித்துப் பாருங்கள்: அறுமீன், மிருகசீரிஷம், இராசிகள், எல்லாம் நம் ஊர்ப் பெயர்களிலேயே வருகின்றன. இவற்றை அதனதன் காலத்தில் வரவைப்பது நீயா என்று யோபுவைக் கடவுள் கேட்கிறார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சூரியனையும் சந்திரனையும் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, பெரிய சுடர், சிறிய சுடர் என்பதோடு சரி. சுற்றிலும் இருந்தவர்கள் அவற்றைத் தெய்வமாகக் கும்பிட்ட காலத்தில், அவை காலம் காட்டும் விளக்குகள்தான் என்று எழுதி வைத்த துணிச்சல் அது. ஜோசியர்கள் உன்னைக் காப்பாற்றட்டும் பார்ப்போம் என்று பாபிலோனிடம் ஏசாயா 47-இல் கேட்பதும் அதே நம்பிக்கையில்தான். இன்னொன்றையும் பாருங்கள். தன் கனவைச் சொல்ல முடியாத ஞானிகளையெல்லாம் கொல்ல பாபிலோன் ராஜா உத்தரவிட்டபோது, அவர்களை அழிக்க வேண்டாம் என்று தடுத்தவன் தானியேல். நாமோ ஜோசியரிடம் போன சபை ஆளைக் கண்டாலே முகம் சுளிக்கிறோம்.

மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலேயே மீதிப் பதில் இருக்கிறது. சாஸ்திரிகள் கண்ட நட்சத்திரம் ஒரு ராஜா பிறந்ததை உணர்த்தியது, எங்கே என்பதை உணர்த்தவில்லை. ராஜா என்றால் அரண்மனையில்தான் இருப்பார் என்று நினைத்தார்களோ என்னவோ, எருசலேமுக்குப் போய் ஏரோது ராஜாவின் காதில் விழும்படி விசாரித்தார்கள். பெத்லகேம்தான் அந்த ஊர் என்று, வேதத்தைக் கற்றறிந்த வேதபாரகர் மீகா தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டிச் சொன்னார்கள். அந்த விசாரிப்பால் கலங்கிய ஏரோது ஆள் அனுப்பிக் கொல்ல, பெத்லகேமின் கைக்குழந்தைகள் உயிரைக் கொடுத்தார்கள். இதை எந்த கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அப்புறம், வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன வேதபாரகர் ஒருவராவது ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் நடந்து பெத்லகேமுக்குப் போனதாக மத்தேயு எழுதவில்லை. போனவர்கள் அந்த ஜோசியர்கள். திண்ணைப் பேச்சில்கூட இதை என் அத்தை சொல்வார், பிரசங்க பீடத்திலிருந்து நீங்கள் சொல்லக் கூடாதா?

தோஷத்துக்குப் பயப்படுகிறவர்களிடம், பழைய திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனைச் சொல்லுங்கள். இளவயதில் ஜோசியர்களை நம்பிப் போனவர் அவர். இரட்டைப் பிள்ளைகளில் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே யாக்கோபு பிறந்தான், ஆனாலும் இருவர் வாழ்க்கையும் ஒன்றாகவா இருந்தது என்று கேட்டார். பணக்கார வீட்டில் தன் நண்பர் பிறந்த அதே நேரத்தில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை அடிமையாகவே இருந்ததையும் எழுதியிருக்கிறார். பிசாசு என்று ஒரே சொல்லில் முடிப்பதைவிட, இந்த இரண்டு கதைகள் என் அத்தைக்கு உதவியிருக்கும்.

ஜோசியத்தைக் கண்டிக்கிற நாமே அதைச் செய்யாமலும் இருக்க வேண்டும். கன்னி ராசியில் சூரியன், காலடியில் சந்திரன், இதுதான் வெளிப்படுத்தல் 12-இல் வரும் ஸ்திரீ, முடிவு நெருங்கிவிட்டது என்று 2017 செப்டம்பர் 23-ஐக் குறித்து உலகமெங்கும் வீடியோக்கள் பரவின. அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே விடிந்து முடிந்தது. பயந்து ஜெபத்தில் உட்கார்ந்தவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

வரும் டிசம்பரில் கிரீடங்களைக் கழற்றிவிட்டு, இவர்கள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள், இவ்வளவுதான் அவர்களால் தெரிந்துகொள்ள முடிந்தது, மீதியை வசனம் சொன்னது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேள்வி கேட்பவர்களுக்கு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். என் அத்தை எப்போதும் மூன்றாம் வரிசையில்தான் உட்காருவார்.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தினர்