மூன்றாம் நாளுக்கு ஒரு கட்டில்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் செயலாளருக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

குடியைப் பற்றிய மடல் என்றால் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்குத்தானே போக வேண்டும், நமக்கு ஏன் வந்தது என்று நினைப்பீர்கள். கடையை மூடச் சொல்லி எங்கள் மகளிர் குழு அவர்களுக்குக் கொடுத்த மனுக்களின் நகல் ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய இருக்கிறது. இது அந்தப் பையில் சேராத மடல். உங்களுக்குத்தான்.

காவிரிக் கரையில், பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஒரு விசைத்தறி ஊரில் இருக்கிறேன். 1937இல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அந்தச் சேலம் மாவட்டத்தில்தான். இதை இப்போது எங்கள் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள்.

இங்கே கடை திறப்பது பகல் 12 மணிக்கு. குடி தொடங்குவது காலை ஆறு மணிக்கு, சந்துக்கடையில். முந்தின நாள் வாங்கிப் பதுக்கிய குவாட்டரை விலை கூட்டி விற்பார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற தறிக்காரர் அங்கே நிற்பதைப் பார்த்து, "விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான் பாரு" என்று நானும் பல வருஷம் ஏசியிருக்கிறேன். அவர் போதைக்காக நிற்கவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தறியில் பாவு நூல் அறுந்தால் உடனே முடிச்சுப் போட வேண்டும். நடுங்குகிற விரலில் நூல் நிற்காது. முடிச்சு விழாவிட்டால் துணியில் பழுது, சனிக்கிழமை கூலியில் பிடித்தம். ஒரு கட்டிங் உள்ளே போனால் விரல் நிற்கும். அவருக்கு அந்த நேரத்தில் அது மருந்து. அதை விற்க ஆள் இருக்கிறது, வேறு மருந்து கொடுக்க ஆள் இல்லை.

என் தம்பியும் தறிக்காரன்தான். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு கார்த்திகை ஒன்றாம் தேதி, சபரிமலைக்கு மாலை போட்டான். முந்தின நாள் ராத்திரி வரை குடித்தவன். அம்மா வீட்டைக் கழுவி மெழுகி, அவனுக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர் எடுத்து வைத்தார். ஊரே அவனை "சாமி" என்று கூப்பிட்டது. முதல் நாள் கொஞ்சம் நடுக்கம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் ராத்திரி தூக்கமில்லை, போட்டிருந்த வேட்டி வேர்வையில் நனைந்துவிட்டது. மூன்றாம் நாள் மதியம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு காற்றில் நூல் இழுத்தான். இழுத்து, எச்சில் தொட்டு, முடிச்சுப் போட்டான். "அக்கா, பாவு அறுந்துக்கிட்டே இருக்குது, தறியை நிறுத்து!" என்று கத்தினான். எங்கள் வீட்டில் தறி கிடையாது.

விரதத்தில் ஏதோ குறை, சாமி குத்தம் என்றார் அம்மா. கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தீர்த்தம் தெளித்ததில் பாதி நாள் போயிற்று. சாயங்காலம் வலிப்பு வந்தது. பக்கத்து ஊர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "குடிக்கறப்ப எங்க போயிருந்தீங்க?" என்பதுதான் அங்கே எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. கையைக் கட்டிலோடு கட்டி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். விடிந்த பிறகு 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாலையைக் கழற்றியது நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். "பல வருஷம் தினமும் குடிச்ச உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா ரெண்டாம் நாள், மூணாம் நாள் மூளை தறிகெட்டுப் போகும். உயிரே போகலாம். மாத்திரை குடுத்துப் படிப்படியாத்தான் இறக்கணும். குளுக்கோஸுக்கு முன்னாடியே பி1 வைட்டமின் ஊசி போட்டிருக்கணும்." தறிகெட்டு என்ற சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது.

தம்பி உயிரோடு இருக்கிறான். குடிப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டான் என்று மதியம் கேட்டால் தெரியாது. தெரியாததை மறைக்க, சாப்பிடாத பலகாரத்தையெல்லாம் சொல்வான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். எந்தக் கடையில் எத்தனை பாட்டில் விற்றது என்பது ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்தும்போதே தெரிந்துவிடும். அந்தப் பாட்டில்களைக் குடித்தவர்களில் எத்தனை பேருக்கு விடிந்ததும் கை நடுங்குகிறது என்ற கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். பொங்கலுக்கு ஒரு பீர் குடிப்பவரும் என் தம்பியும் அதில் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் தினக்குடி இல்லாத வீடுகளை எண்ணினால் ஒரு கை விரல்கூட முழுதாக மடங்காது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதி ஆட்களை மாலையும் கயிறும் சத்தியமும் சாம்பாரில் தெரியாமல் கலக்கும் பொடியும்தான் பார்த்துக்கொள்கின்றன.

2021இல் நீங்கள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வருகிறது. குறையே சொல்ல மாட்டேன். என் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. முதல் தடவை வந்தபோது அந்தத் தன்னார்வலர் தங்கையிடம் ஒரு படிவம் இருந்தது. தினமும் குடிப்பாரா என்று அதிலே ஒரு கேள்வி. ஆமாம் என்றோம், டிக் போட்டுக்கொண்டார். பிரஷர் அதிகம் என்றால் மாத்திரை வருகிறது. இந்த டிக் எங்கே போகிறது என்று கேட்டேன். "தெரியலைங்க அக்கா, எங்களுக்குச் சொல்லித் தரலை" என்றார். அவர் மேல் தப்பில்லை.

கலங்கரை என்று பெயர் வைத்து 2025இல் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்ததும் தெரியும். நல்ல காரியம். ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வழியில் எத்தனை கடை இருக்கிறது என்று நடுங்குகிறவனைக் கேளுங்கள், மீட்டர் கணக்கில் சொல்வான்.

போக முடியாதவர்கள் தனியார் மறுவாழ்வு இல்லத்துக்குப் போகிறார்கள். நன்றாக நடத்துபவர்கள் உண்டு. ராத்திரி வேன் வந்து ஆளை அமுக்கித் தூக்கிப் போவதும், மொட்டை அடித்து அடைப்பதும், கேட்டுக்கு வெளியிலேயே பெண்டாட்டியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. அங்கே கட்டுகிற பணத்துக்காக எங்கள் குழுவில் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் "கறவை மாடு" என்று எழுதுவோம். வாங்காத மாடுகள் எங்கள் நோட்டில் நிறைய நிற்கின்றன.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அமைச்சர்கள் ஓடினார்கள், மருத்துவர்கள் குவிந்தார்கள், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே இறந்தவர்களும் எங்கள் ஆட்களைப் போலக் கூலிக்காரர்கள்தான். ஆனால் கடைச் சரக்கில் பத்து வருஷம் செத்தவனுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி எடுத்துவிடுகிறோம். அது செய்தி ஆவதில்லை, ஒரே நாளில் ஒரே தெருவில் விழாததால்.

கடைகளை ஒரேயடியாக மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2020 ஊரடங்கில் மார்ச் கடைசியிலிருந்து மே 7 வரை கடை இல்லை. சிலர் தெளிந்தார்கள், சம்பளம் இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் பயமில்லாமல் தூங்கின. சிலர் வார்னிஷையும் சானிடைசரையும் தேடிப் போனார்கள். 2023இல் 500 கடைகளை மூடியபோது கொண்டாடினேன், நாளைக்கு இன்னும் 500 மூடினாலும் கொண்டாடுவேன். ஆனால் மூடிய மூன்றாம் நாள் நடுங்குபவனை எங்கே படுக்க வைப்பது என்பது உங்கள் துறையின் வேலை, மதுவிலக்குத் துறையுடையது அல்ல.

பையன்கள் கதை தனி. கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலத்தை உதட்டில் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர். அவர்களைப் போலீஸ் பிடிக்கிறது. ஆஸ்பத்திரி பிடித்து நான் பார்க்கவில்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இதற்கென்று நாலு கட்டில். ராத்திரி ட்யூட்டியில் இருப்பவருக்கு மூன்றாம் நாள் நடுக்கம் என்றால் என்ன என்று பயிற்சி. அந்த மாத்திரையும் பி1 ஊசியும் எப்போதும் இருப்பில். தங்கை போடுகிற டிக்குக்கு ஒரு சீட்டு, அந்தச் சீட்டைக் காட்டினால் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ள ஓர் உத்தரவு. சேர்ந்தவர் வாரக்கூலி இழப்பார், அந்த வாரத்துக்கு அரிசி பருப்பாவது யோசியுங்கள், ஏனென்றால் முன்பணம் வாங்கிய தறிக்காரனை ஓனர் ஒரு வாரம் விடமாட்டார். தனியார் இல்லங்களுக்குச் சொல்லாமல் வந்து உள்ளே போய்ப் பாருங்கள்.

போன சனிக்கிழமை குழுக் கூட்டம் முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் தனியாக வந்தாள். இந்தக் கார்த்திகை ஒன்றாம் தேதி அவள் வீட்டுக்காரர் மாலை போடப் போகிறாராம், இனிமேல் தொடவே மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாராம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். என் தம்பிக்கு நடந்ததைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போய், "அப்ப மாலை போடறதுக்கு முன்னாடி எங்கக்கா கூட்டிட்டுப் போகட்டும்?" என்று கேட்டாள். அடுத்த கூட்டத்துக்குள் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி ஒருத்தி